இருபத்திரண்டாம் வரியும் ஒற்றைச் செருப்பும்

அந்த எண்ணம் எனக்கு முதன்முதலில் தோன்றியபோது என் கையில் யாரோ ஒருவருடைய இடக்கால் செருப்பு இருந்தது. அப்போதுதான் அதைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்திருந்தேன். வாழைப்பழத் தோல் ஒன்று அதன் வாரில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிவர முப்பது பேர் நின்று என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எண்ணம் இவ்வளவுதான்: இந்த இடத்துக்கு இரண்டு மாதமாக வந்துபோய் எல்லாரிடமும் எல்லாக் கேள்விகளும் கேட்டுவிட்டேன், தரையைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த மாதம் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்காகவும் இதை எழுதுகிறேன். உங்கள் மேசையில் தடித்த கோப்பு ஒன்றை வைத்து, "தேவைப் பட்டியல் எழுதுவது எப்படி, படி" என்று சொல்லியிருப்பார்கள். படியுங்கள், நல்ல கோப்புத்தான். வைத்தியருக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒரு மென்பொருள் செய்வதற்கு முன்னால் ஒருவர் அங்கே போய், அங்குள்ளவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, வரி வரியாக எழுதி, கையெழுத்து வாங்கி வரவேண்டும். அந்த ஒருவர் இனி நீங்கள். எழுதுகிற முறையைக் கோப்பு சொல்லித்தரும். நான் சொல்லப்போவது, முறை தவறாமல் எழுதியும் எப்படி முழுவதையும் பிழையாக எழுதலாம் என்பதை.

உங்களைவிட எனக்கு நாலு வருடம்தான் கூட. அனுபவம் பேச அது காணாது என்று அண்ணை சொல்கிறார். அண்ணை என்றால் எங்கள் முதலாளி. ஆனால் நாலு வருடத்தில் செய்யக்கூடிய பிழைகளை முதல் மூன்று மாதத்திலேயே செய்து முடித்தவள் என்ற தகுதி எனக்கு உண்டு.

அப்போது ஸ்காபரோவில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் கந்தோர். நாலு பேர், மூன்று கதிரை. வெளியே போய்த் தேவை சேகரிப்பவருக்குக் கதிரை தேவையில்லை என்பது அண்ணையின் கொள்கை. நான் பல்கலைக்கழகத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். பட்டம் சூடு ஆறவில்லை. முதல் வேலையாக என்னை அனுப்பிய இடம் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் டொக்டரின் கிளினிக். நோயாளர் அட்டைகளைக் கணினியில் ஏற்ற வேண்டும், யார் எப்போது வருகிறார்கள் என்பது திரையில் தெரிய வேண்டும் என்பது டொக்டரின் விருப்பம்.

டொக்டர் கட்டடத்தின் கீழ்த்தளக் கார்த்தரிப்பிடத்திலிருந்து பின்வாசலால் வருவார், பின்வாசலாலேயே போவார். முதல் நாள் என்னை எதிரில் இருத்திப் பெருமையோடு சொன்னார்.

"பிள்ளை, ஒண்டு எழுதிக்கொள்ளும். என்ர கிளினிக்கில சனம் காத்துக்கிடக்கிறேல்லை. ஒராள் வெளியில போக மற்ற ஆள் உள்ள வருவார். மற்ற டொக்டர்மாரிட்டப் போய்ப் பாரும், சந்தை மாதிரி. எங்கட சனத்துக்கு நேரம் பழக்கினது நான்."

எழுதிக்கொண்டேன். நேர ஒழுங்கு மிகச் சிறப்பாக உள்ளது, மாற்றம் தேவையில்லை. முதலாவது வரி.

"வேலை எத்தினை மணிக்குத் தொடங்கும், டொக்டர்?"

"ஒம்பது."

ஆகவே ஒன்பது மணிக்குப் போனேன். உங்கள் கோப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒன்று குறித்துவையுங்கள்: ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது என்று ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னால், ஏழு மணிக்குப் போங்கள்.

காத்திருப்பு அறையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். வரவேற்பு மேசையில் நஸீமாக்கா. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம். கட்டடத்தில் இருபத்துநாலு மாடிக்கும் அவர் நஸீமாக்காதான், தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களுக்கும் அக்காதான். வாசலிலிருந்து மேசை வரைக்கும் சுவரோரமாக நீண்ட றப்பர் விரிப்பு ஒன்று கிடந்தது. அதன் மேல் செருப்புகள். பதினைந்து இருபது சோடி இருக்கும். அறையில் இருப்பவர்களோ ஐந்து பேர்.

இந்த இடத்தில் உங்களில் ஒருவராவது "ஏன்" என்று கேட்டிருப்பீர்கள். நான் கெட்டிக்காரி. கேட்காமலேயே விடை கண்டுபிடித்துவிட்டேன். பெரும்பாலானவை பழைய செருப்புகள், வார் அறுந்து ஊசியால் குத்தியவை, குதி தேய்ந்தவை. ஒன்று ஒற்றையாகவே கிடந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஒவ்வொரு மாதமும் புதிதாக அகதிக் குடும்பங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. சனம் தங்கள் பழைய காலணிகளைக் கொண்டுவந்து நன்கொடையாக வைக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். நெஞ்சு நெகிழ்ந்துபோனது. அடுத்த நாள் தம்பியின் பழைய பனிச்சப்பாத்து ஒரு சோடியை நானும் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்தேன்.

நஸீமாக்கா எட்டிப் பார்த்தார். "உது உம்மடையோ, பிள்ளை?"

"ஓம் அக்கா. இருக்கட்டும்."

"சுகமில்லையோ?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். "இல்லையில்லை, நல்லா இருக்கிறன்," என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். வெளியே சொல்ல முடியாத நோய் என்று நினைத்திருக்க வேண்டும். பதினொரு மணிபோல மெதுவாகக் கிட்ட வந்து, "பிள்ளை, அடுத்தது உம்மட முறை," என்றார். அந்த நன்கொடைக்குப் பதிலாக ஏதோ தருகிறார்களாக்கும் என்று நினைத்து, "எனக்கு வேண்டாம் அக்கா, தேவைப்பட்ட ஆருக்கும் குடுங்கோ," என்றேன். அவர் அதை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்தார். அந்தப் பெண் போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். சப்பாத்து அவருக்குப் பெரிதாக இருக்குமே என்ற யோசனையோடு நானும் சிரித்தேன். அவர் சப்பாத்தை எடுக்காமல் போனது கண்ணில் பட்டது. மூளையில் படவில்லை.

அடுத்தது தொலைபேசி. நஸீமாக்காவின் காதிலிருந்து அது இறங்குவதேயில்லை. நோயாளிகள் எடுக்கும் அழைப்புகள் அல்ல, அவரே எடுப்பவை. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, பயிற்சிக் கோப்பு சொன்னபடி, ஒவ்வொரு அழைப்பையும் நேரம் போட்டு எழுதினேன்.

"அன்ரி, புட்டு அவிஞ்சுதோ? இன்னும் ரெண்டு நீத்துப்பெட்டியோ? அப்ப அவிச்சுப்போட்டே வாங்கோ."

"அங்கிள், குளிச்சாச்சோ? இல்லையெண்டால் இப்ப ஓடிப்போய்க் குளியுங்கோ. தலை துடைச்சுக்கொண்டு வாங்கோ, தடிமன் பிடிக்கப்போகுது."

"சின்னவன் நித்திரையோ? எழுப்பவேண்டாம். அவன் எழும்பின பிறகு போன் அடியுங்கோ."

காலை முழுவதும் இதுதான். சொந்த விடயங்கள் பற்றிய உரையாடல் என்று குறித்தேன். இரண்டு நாள் குறிப்பையும் கூட்டிப் பார்த்தால் அரை நாள் வேலை இதிலேயே போகிறது. நான் புதியவள், கண்டுபிடிப்பு ஏதாவது காட்ட வேண்டும். எழுதினேன்.

என் பட்டியலில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன. அதில் இரண்டை மட்டும் நீங்கள் அறிந்தால் போதும். பதினாலாம் வரி: வாசலில் குவியும் நன்கொடைக் காலணிகளை ஒழுங்குபடுத்த அடுக்கு ஒன்று வைக்கவேண்டும். இருபத்திரண்டாம் வரி: வரவேற்பாளரின் நேரத்தில் பாதி சொந்தத் தொலைபேசி உரையாடலில் செலவாகிறது, கணினி வந்தபின் இப்பணிக்கு அரைநேர ஊழியர் போதும்.

டொக்டர் வாசித்தார். "கெட்டிக்காரப் பிள்ளை," என்றார். கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் நிலக்கீழ் ரயிலில் எனக்கு இருக்கையும் கிடைத்தது. அவ்வளவு நல்ல நாள்.

மென்பொருள் தொடங்குவதற்கு முந்தின வியாழக்கிழமை, திரைகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். மத்தியானம் நஸீமாக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். மாட்டிறைச்சி றோல்ஸ்.

"சாப்பிடும். வெறும் கோப்பியோட நிக்கிறீர்."

ஒன்றை எடுத்தேன். நல்ல சூடு.

"நான் வாற மாசத்திலயிருந்து அரை நாள்தான், பிள்ளை," என்றார், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல. "டொக்டர் நேற்றுச் சொன்னவ."

றோல்ஸை மெல்லுவதை நிறுத்தினேன்.

"அது காரியமில்லை. உம்மாவைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணுறதுக்கு முழுநேர வேலைக் கடிதம் கேக்கிறாங்கள். டொக்டர் எழுதித் தாறன் எண்டவ. இப்ப எழுதினால் அரைநேரம் எண்டெல்லோ எழுதவேணும். பொய் எழுத அவ சம்மதிக்க மாட்டா, நானும் கேக்க மாட்டன்." யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து அவருடைய உம்மா புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் தனியே இருக்கிறார் என்று எனக்கு முன்பே தெரியும். படிவம் நிரப்பி முடிந்து, அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் மேசை லாச்சிக்குள் காத்துக்கிடந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்து வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்.

"நீர் ஏன் முகத்தைத் தொங்கப்போடுறீர்? கொம்பியூட்டர் வந்தால் வேலை குறையும்தானே. உம்மில பிழையில்லை. நீர் உம்மட வேலையைச் செய்யிறீர். இன்னொண்டு எடும்."

இன்னொன்று எடுத்தேன். அதைச் சாப்பிட்டும் முடித்தேன். உண்மையைச் சொல்ல வாய் திறப்பதைவிட றோல்ஸுக்கு வாய் திறப்பது எவ்வளவு இலகு என்பதை அன்றைக்கு அறிந்தேன். இதற்கு உங்கள் கோப்பில் அத்தியாயம் இல்லை.

அன்று பின்னேரம் அண்ணையிடம் கேட்டேன். "அண்ணை, கையெழுத்து வைச்ச பட்டியலில ஒரு வரியை வெட்டேலுமோ?"

"வரி பிழையோ?"

"இல்லை. எழுதினது உண்மைதான். ஆனா..."

"உண்மையெண்டால் ஏன் வெட்டுறாய்? பாவம் பாத்து மென்பொருள் செய்யேலாது." பிறகு, "உன்னை நிரந்தரமாக்கிறதோ எண்டு பாக்கிற மூண்டு மாசம் வாற கிழமையோட முடியுது, தெரியும்தானே," என்றார். அது எச்சரிக்கையா நினைவூட்டலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்தது. எட்டு மணிக்கே போய்விட்டேன், தோளில் பிரித்துக் கட்டிய அடுக்கோடு. அண்ணை நஸீமாக்காவை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கடவுச்சொல் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அண்ணை எதையும் சுருக்கமாகச் சொல்பவர் அல்ல. காத்திருப்பு அறையில் நான் மட்டும்தான். விரிப்பில் இருபத்தேழு சோடி செருப்பும் ஓர் ஒற்றையும். நன்கொடை நன்றாகக் கூடியிருக்கிறதே என்று மகிழ்ந்தேன்.

அடுக்கின் பலகைகளைப் பொருத்திப் பூட்டினேன். பிறகு செருப்புகளை அடுக்கினேன். சும்மா அடுக்கவில்லை. அளவு வாரியாக. ஒரே அளவுக்குள் நிறம் வாரியாக. மேல்தட்டில் குழந்தைகளுடையவை, கீழ்த்தட்டில் ஆண்களுடையவை. எடுக்க வரும் அகதிக் குடும்பத்துக்கு இலகுவாக இருக்கட்டும் என்று. ஒற்றைச் செருப்பை யாருக்கும் கொடுக்க முடியாது என்பதால் குப்பைக் கூடைக்குள் போட்டேன். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தேன். ஒரு கடை மாதிரி இருந்தது.

எட்டே முக்காலுக்கு எலிவேற்றர் திறந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். ஏழு பேரும் வெறும் காலுறையோடு. கதவு மூடி, திரும்பத் திறந்தது. இன்னும் எட்டுப் பேர். ஓர் அன்ரியின் கையில் புட்டு மா ஒட்டியிருந்தது.

"என்ன நஸீமாக்காவைக் காணேல்லை? எனக்கு இன்னும் போன் வரேல்லை," என்றார் மாக்கை அன்ரி.

"எனக்கும் வரேல்லை. ஏதும் நடந்துபோச்சோ எண்டு பாக்க வந்தனான்."

பிறகு எல்லாரும் ஒன்றாக விரிப்பைப் பார்த்தார்கள். விரிப்பு வெறுமையாக இருந்தது.

"ஆரடா எங்கட வரிசையைக் கலைச்சது?"

கேட்டவர் பதினேழாம் மாடி அங்கிள். ஒல்லியான உருவம், கம்பளித் தொப்பி. அந்தக் கட்டடத்தில் சண்டை என்று ஒன்று நடந்தால் அதற்குத் தலைமை தாங்குபவர். நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன்.

"வரிசையோ, அங்கிள்? உது நன்கொடை இல்லையோ?"

பதினைந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து நான் பொறுக்கிக்கொண்டது இது. ஊரில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற காலத்தில் ஆள் நிற்பதில்லை, எண்ணெய்க் கான்தான் நிற்கும். விடியக் கானை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வேலையைப் பார்ப்பார்கள். கான் நகர்ந்தால் ஆள் நகர்ந்த மாதிரி. கானை ஒருவரும் தொடமாட்டார்கள். இங்கே மண்ணெண்ணெயும் இல்லை, கானும் இல்லை. ஆனால் மேலே வீடு, கீழே டொக்டர். ஏழு மணிக்கு நஸீமாக்கா கதவு திறந்ததும் இறங்கி வந்து செருப்பை வரிசையில் வைத்துவிட்டு, காலுறையோடு மேலே போய்ப் புட்டு அவிப்பார்கள். முறை கிட்டியதும் நஸீமாக்கா போன் பண்ணுவார். நான் பன்னிரண்டு வயதில் கனடா வந்தவள். கான் வரிசை எனக்குப் பிறகுதான் ஊருக்கு வந்தது.

அப்படியானால் அந்தத் தொலைபேசி அழைப்புகள். புட்டு, குளிப்பு, சின்னவனின் நித்திரை. அரை நாள்.

இருபத்திரண்டாம் வரியில் நான் வெட்டச் சொன்ன அரை நாள்.

எலிவேற்றர் இன்னும் இரண்டு தரம் திறந்து மூடியது. இப்போது முப்பது பேர். எல்லாரும் மூன்றாவது ஆள். குறைந்தது ஒன்பது பேர் தாங்கள்தான் மூன்றாவது என்று அடித்துச் சொன்னார்கள். ஒன்று இரண்டு என்று சொன்னால் நம்பமாட்டார்கள் என்று ஆளுக்கு ஆள் அடக்கமாகப் பொய் சொன்னார்களாக்கும். அடுக்கிலிருந்து தங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு போய் மேசைக்குக் கிட்ட வைக்கத் தொடங்கினார்கள். பதினேழாம் மாடி அங்கிள் அடுக்கை மேலிருந்து கீழாகத் தடவித் தேடினார்.

"என்ர எங்க?"

"எது அங்கிள்?"

"ஒத்தைச் செருப்பு. பழுப்பு."

"ஏன் அங்கிள் ஒத்தையா வைச்சனீங்கள்?"

"மற்றது அடுத்த கட்டடத்தில, பல் டொக்டரிட்ட நிக்குது," என்றார், அதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்பதுபோல.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து நஸீமாக்கா வந்தார். பின்னால் அண்ணை. நஸீமாக்கா விரிப்பைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசையில் இரண்டு தரம் தட்டினார்.

"ஒருத்தரும் 'நான் எத்தினையாவது' எண்டு சொல்லக்கூடாது," என்றார். "செருப்பு வைக்கேக்க எல்லாரும் முன்னுக்கு நிக்கிற செருப்பைப் பாத்துத்தானே வைச்சனீங்கள்? உங்களுக்கு முன்னால என்ன செருப்பு நிண்டது? அதை மட்டும் சொல்லுங்கோ. முன்னால ஒண்டும் நிக்காத ஆள் ஆர்?"

"நான்தான்," என்றார் மாக்கை அன்ரி. ஒருவரும் மறுக்கவில்லை. முதலாவதாக நிற்பவருக்குச் சாட்சி தேவையில்லைப்போல.

"அன்ரியின்ர பச்சைச் செருப்புக்குப் பின்னால வைச்ச ஆள்?"

ஓர் இளம் தாய் கையைத் தூக்கினார். அவருடைய பூப்போட்ட நீலத்துக்குப் பின்னால் வைத்தவர் இன்னொருவர். இரண்டு நிமிடத்தில் செருப்புகள் ஒவ்வொன்றாக விரிப்புக்குத் திரும்பிவந்துகொண்டிருந்தன. பல்கலைக்கழகத்தில் இதே விடயத்தைக் கரும்பலகையில் பெட்டியும் அம்புக்குறியுமாக வரைந்து ஒரு தவணை முழுவதும் படித்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கு அடுத்த பெட்டியை மட்டும் தெரியும், ஆனால் முழுச் சங்கிலியும் அதிலிருந்து வந்துவிடும். சோதனையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். அதைச் செருப்பில் கண்டதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பதினோராவது செருப்போடு சங்கிலி அறுந்தது. அதற்குப் பின்னால் வைத்தது பதினேழாம் மாடி அங்கிள், ஆனால் விரிப்பில் வைக்க அவரிடம் செருப்பு இல்லை. அடுத்தவர் சொன்னார், "எனக்கு முன்னால ஒரு ஒத்தைச் செருப்பு நிண்டது." மிச்சப் பதினாறு பேரின் காலையும் அந்த ஒற்றைச் செருப்பில் தொங்கியது.

அப்போதுதான் குப்பைக் கூடைக்குள் கைவிட்டேன்.

வாழைப்பழத் தோலோடு நான் நின்ற அந்த நேரத்தில் டொக்டரின் அறைக் கதவு திறந்தது. ஒன்பது பத்தாகியும் ஒருவரும் உள்ளே வரவில்லை என்று எழும்பி வந்திருந்தார். அத்தனை வருடத்தில் காலையில் அந்தப் பக்கத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தரம் என்று பிறகு அறிந்தேன்.

"இது என்ன சந்தை?" என்றார்.

அண்ணை என் காதுக்குள் மெதுவாகச் சொன்னார். "சனம் இன்னும் கொம்பியூட்டருக்குப் பழகேல்லை எண்டு சொல்லு. ரெண்டு நாளில சரி வரும் எண்டு சொல்லு."

நல்ல வசனம். யாருக்கும் காயம் இல்லாத வசனம். நான் அதைச் சொல்லியிருந்தால் வரிசை எப்படியும் சரிவந்திருக்கும், எனக்கு வேலை நிரந்தரமாகியிருக்கும். நஸீமாக்கா மாதக் கடைசியில் அரை நாளுக்குப் போயிருப்பார். உம்மாவின் படிவம் லாச்சிக்குள்ளேயே கிடந்திருக்கும். நீங்களும் ஒரு நாள் இந்த வசனத்துக்குக் கிட்ட வந்து நிற்பீர்கள். அப்போது ஆழ்ந்து யோசிக்க நேரம் இருக்காது. என்னுடைய அதிர்ஷ்டம், என் கை நாறிக்கொண்டிருந்தது. பெரிய மனிதத் தோரணையில் பொய் சொல்வதற்கு அது தோதான நிலை அல்ல.

"டொக்டர், என்ர பட்டியலில இருபத்திரண்டாம் வரி பிழை," என்றேன். "பதினாலும் பிழை. முதலாவதும் பிழை. ஆனா இருபத்திரண்டுதான் பெரிய பிழை. நஸீமாக்கா போனில சும்மா கதைக்கேல்லை. உங்களிட்ட ஆக்கள் நேரத்துக்கு வாறது அவ கூப்பிடுறதாலதான். அரைநேரம் காணும் எண்டு எழுதினது நான். கேக்காமல் எழுதினனான்."

நஸீமாக்கா என் பக்கம் திரும்பவில்லை. விரிப்பில் குனிந்து ஒரு செருப்பை நேராக்கினார். ஏற்கெனவே நேராக இருந்த செருப்பு.

டொக்டர் வரிசையைப் பார்த்தார். "அப்ப எங்கட சனத்துக்கு நேரம் பழக்கினது நானில்லையோ?"

டொக்டரிடம் எல்லாருக்கும் மரியாதை. கடைசியில் பதினேழாம் மாடி அங்கிள்தான் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"டொக்டர், குறைநினைக்கக்கூடாது. நேரம் தவறாமல் வாறது நாங்கள் இல்லை, எங்கட செருப்பு. எங்களைக் கொண்டுவந்து அதுக்குள்ள காலை வைக்கப்பண்ணுறது இந்தப் பிள்ளை நஸீமா."

டொக்டருக்கு அது உறைக்க நேரம் எடுத்தது. பிறகு அவருடைய உதடு ஒரு பக்கம் இழுபட்டது. சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. "பட்டியலைக் கொண்டாரும்," என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபத்திரண்டாம் வரியில் நானே கோடு கிழித்தேன், பக்கத்தில் அவர் கையெழுத்து வைத்தார். தாளில் செருப்புத் தூசி பட்டிருந்தது.

"முதலாவது வரியையும் வெட்டட்டோ, டொக்டர்?"

"அது இருக்கட்டும்," என்றார் டொக்டர். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மாக்கை அன்ரி பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

அன்று மத்தியானம் நஸீமாக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க மூன்று வசனம் தயார்செய்திருந்தேன். ஒன்றையும் அவர் எடுக்கவிடவில்லை.

"வியாழக்கிழமையே உமக்குத் தெரியும்?"

"ஓம் அக்கா."

"தெரிஞ்சுகொண்டு ரெண்டு றோல்ஸ் திண்டனீர்."

"ஓம் அக்கா."

"முதலாவதை மன்னிக்கலாம்," என்றார்.

புதன்கிழமை கடிதம் தட்டெழுதப்பட்டது. முழுநேரம். என்ன வேலை செய்கிறார் என்ற இடத்தில் டொக்டர் எழுதியிருந்த நாலு வரிகளை நஸீமாக்கா எனக்குப் படித்துக் காட்டவில்லை. மடித்து உறைக்குள் வைத்து நாக்கால் நனைத்து ஒட்டிவிட்டார். தபாலில் போடும்போது மட்டும் துணைக்கு வரச் சொன்னார். உம்மா வந்துசேர இரண்டு வருடத்துக்கு மேல் சென்றது.

மென்பொருளை நாங்கள் பாதி கழற்றித் திரும்பப் பூட்டினோம். நேர அட்டவணைத் திரை போய், வரிசைத் திரை வந்தது. அதில் பெயருக்குப் பக்கத்தில் காலணி விபரம் என்று ஒரு கட்டம் உண்டு, சோடியா ஒற்றையா என்று குறிக்க ஓர் இடமும் உண்டு. உலகத்தில் வேறெந்த வைத்திய மென்பொருளிலும் இது இல்லை என்று அண்ணை இப்போது பெருமையாகச் சொல்லித் திரிகிறார். என் மூன்று மாதம் முடிந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் நினைவூட்டவில்லை. ஒரு நாள் காலை வந்து பார்த்தபோது கந்தோரில் நாலாவது கதிரை இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேற்று உங்களில் ஒருவர் கேட்டார்: சொல்லாத தேவையை எப்படி அக்கா கண்டுபிடிக்கிறது? எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. ஆட்களுக்குத் தங்கள் வேலையில் மிகப் பழகிப்போன பகுதி வேலையாகவே தெரிவதில்லை, ஆகவே கேட்டாலும் சொல்லமாட்டார்கள். நஸீமாக்கா எதையும் என்னிடம் மறைக்கவில்லை. எனக்குக் கண் இருக்கிறது என்று நம்பினார், அவ்வளவுதான். கண் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

ஆகவே இதைத்தான் அடுத்ததாகச் செய்து பார்க்கப்போகிறோம். பிறம்ரனில் லொறிச் சாரதிகள் வந்துபோகும் ஒரு கிளினிக் எங்களிடம் மென்பொருள் கேட்டிருக்கிறது. அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அதன் முகாமையாளர் தொலைபேசியில் சொன்னார். கேட்டவுடன் நஸீமாக்காவுக்குப் போன் அடித்தேன். நஸீமாக்காவுக்கு இரண்டு நாள் லீவு தர டொக்டர் சம்மதித்துவிட்டார், அந்த இரண்டு நாளும் வரிசையைத் தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அது தனிக் கதையாகப் போகிறது. உங்களில் ஒருவருக்கு எங்களோடு இடமிருக்கிறது. வரும் செவ்வாய், வேலை ஒன்பது மணிக்கு என்றார்கள், ஆறரைக்கு வாசலில் நிற்போம். நஸீமாக்கா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அங்கே எதைக் கண்டாலும் நான் மத்தியானம் வரைக்கும் வாய் திறக்கக்கூடாதாம், ஒரு பொருளையும் தொடக்கூடாதாம். வாய்க்குச் சம்மதித்துவிட்டேன். கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.